பன்னாடையும் பாடி லாங்வேஜும்

ஏலே, இங்க வா. உக்காரு. அந்தப் போனக் கொஞ்சம் கவுத்து வையி. அது ஒண்ணும் ஓடிப் போயிராது.

என்னமோ "நான் சோஷியலி ஆக்வேர்டு"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே? உங்க அம்ம சொன்னா. வீட்டுக்கு ஆள் வந்தா உள்ள போயிக் கதவச் சாத்திக்கிடுத. தப்பித்தவறி மாட்டிக்கிட்டா, "எப்பப்பா ஊர்லருந்து வந்தே?"ன்னு கேக்கவருக்கு "நல்லாருக்கேன் பெரியப்பா"ங்க. அவரு உன் சித்தப்பன். கேட்டா, அது ஒரு 'டைப்'பாம். உலகத்துல கொஞ்சம் பேருக்குத்தான் வாய்க்குமாம். இங்கிலீசுல பேரு வேற இருக்காம்.

அட கிறுக்குப் பயபுள்ள! நம்ம ஊர்ல இதுக்குப் பேரே இல்லன்னா நெனச்ச? மக்கு, மண்டு, மட்டி, தத்தி, பேக்கு, அசடு, அசமந்தம், மொண்ணை, மொக்கை, சொத்தை, சவலை, கூமுட்டை, பன்னாடை, மரமண்டை, அம்மாஞ்சி. மூச்சு வாங்குது, அந்தத் தண்ணிய எடு. இன்னும் பாதிகூட முடியல. ஒரு பய கைதவறிச் செம்பக் கீழ போட்டா, அது உருண்டு சத்தம் அடங்குறதுக்குள்ள உங்க பூட்டி இதுல மூணு பேரச் சொல்லி முடிச்சிருப்பா.

இதுல ஒண்ணுகூட ஆஸ்பத்திரிப் பேரு இல்ல, கவனிச்சியா? எல்லாம் கோழிக்கூட்டுலயும் கொல்லம்பட்டறையிலயும் பனங்காட்டுலயும் பொறந்த பேரு. கைய வச்சு வேல செஞ்சவன் வச்ச பேரு. ஒரு சாமானு எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு அவனுக்குத் தெரியும். ஆளையும் அதே கண்ணால பாத்தான்.

கூமுட்டைய எடுத்துக்க. நீ கோழியவே பாலித்தீன் பையில வச்சுத்தான் பாத்திருப்ப. அடை வச்சா 21 நாள். தாய்க்கோழி எரை எடுக்க எறங்குறதத் தவிர அசையாது. நாள் வந்ததும் ஓட்டக் கொத்திக்கிட்டு ஒவ்வொரு குஞ்சா வெளிய வரும். ஒண்ணே ஒண்ணு மட்டும் அப்படியே கெடக்கும். மேல பாத்தா ஒரு கொறையும் சொல்ல முடியாது. எடுத்துக் காதுகிட்ட வச்சுக் குலுக்கு, உள்ள கொழகொழன்னு ஆடும். உள்ள இருந்தது கூழாயிருச்சு. கூழ்முட்டை. சொல்லச் சொல்ல ழகரம் தேஞ்சு கூமுட்டை. உருவம் சரியா இருக்கு, ஒக்கார வச்ச எடத்துல ஒக்காந்திருக்கு, காலமும் கொடுத்தாச்சு, சூடும் கொடுத்தாச்சு, ஒண்ணும் வெளிய வரல. அஞ்சாறு அரியர் வச்சிருக்கவனுக்கு இதவிடப் பொருத்தமா யாராவது பேரு வச்சிர முடியுமா? டவுன்ல கவுன்சலிங் பண்ணுறவரக் கேட்டா நாலு பக்கம் எழுதித் தருவாரு. பீஸ் தனி.

மொக்கைய நீங்கதான் கண்டுபுடிச்ச மாதிரி பேசிக்கிடுதிய. மொக்க ஜோக்கு, மொக்கப் படம், மொக்க வாங்கிட்டான். ஏலே, முனை மழுங்குன அருவாளுக்கு எங்க தாத்தன் சொன்ன சொல்லு அது. மொண்ணையும் அதே பட்டறைச் சரக்குத்தான். கொல்லங்கிட்ட கொண்டுபோயி நெருப்புல காட்டி, தட்டி, சாணை புடிச்சா சரியாப் போயிரும். அந்தத் திட்டுக்குள்ள ஒரு நம்பிக்கை இருக்கு. தூக்கி எறியச் சொல்லல. தீட்டச் சொல்லுது.

மக்கும் அந்த வகைதான். கதவுப் பலகையில ஓட்ட, வெடிப்பு இருந்தா ஆசாரி ஒரு பசைய வச்சு அடைப்பாரு, அதுக்கும் மக்குன்னுதான் பேரு. குப்பக்குழியில சாணியும் தழையும் கெடந்து மக்குனாத்தான் வயலுக்கு உரம். இப்ப முனிசிபாலிட்டிக்காரன் தெருமுக்குல ரெண்டு தொட்டிய வச்சு மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு எழுதிப் போட்டிருக்கான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நம்ம தெருப் பயலுவள ரெண்டாப் பிரிச்சுப் பாத்துக்கிடுவேன். மக்குனது தேவலப்பா, என்னைக்காவது உரமாவும். மக்காதது இருக்கே, அதுதான் பளபளன்னு இருக்கும். பேரன் காலத்துலயும் அப்படியே கெடக்கும்.

சவலையில கொஞ்சம் துக்கம் உண்டு. கைப்புள்ளையா இருக்கும்போதே தாயி அடுத்ததச் சொமந்துட்டா மூத்ததுக்குப் பால் இருக்காது. அது மெலிஞ்சு, நைநைன்னு அழுதுக்கிட்டு, சேலையப் புடிச்சுக்கிட்டே திரியும். அதுதான் சவலப்புள்ள. இலக்கணக்காரங்க அத வெண்பாவுக்குள்ளயே கொண்டு போயிட்டாங்க. ரெண்டாவது அடியில வரவேண்டிய தனிச்சொல் வராம மெலிஞ்சு நின்னா அது சவலை வெண்பா. யாப்பு எழுதுனவங்க வீட்டுலயும் புள்ளைக அழுதிருக்கு போல.

புறம்போக்கு தாசில்தார் ஆபீசுலருந்து வந்தது. தீர்வை கிடையாது, பட்டா கிடையாது, யாரு பேர்லயும் இல்லாத நெலம். வண்டிப்பாதை, மந்தை, கொளத்துக்கரை, சுடுகாடு எல்லாம் அதுலதான். ஊருக்கே சொந்தமானத, யாருக்கும் ஆகாதவனுக்குப் பேரா வச்சுட்டோம். அந்தப் பேர வசவுலருந்து மீட்கணும்னு கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2017-ல எண்ணூர்க் கழிமுகத்துல நின்னு கர்நாடக ராகத்துலயே ஒரு பாட்டுப் பாடுனாரு. நல்ல காரியம். வேல வெட்டி இல்லாத பயல இனி அப்படிச் சொல்லக் கூடாது. மாடு மேயக்கூட அவன் எடம் கொடுக்க மாட்டான்லா.

இப்ப பன்னாடை. இதுலதான் எனக்கு ருசி அதிகம்.

அது ஏதோ கெட்ட வார்த்தைன்னுதான நெனச்சுக்கிட்டு இருக்க? திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுக்கு வா, காட்டுதேன். பனைமட்டையும் தென்னமட்டையும் மரத்தோட ஒட்டுற அடியில குறுக்கும் நெடுக்குமா நாரு ஓடும். தறியும் இல்ல, நெசவாளியும் இல்ல, தானா நெஞ்சுக்கிட்ட வலை. அதுதான் பன்னாடை. பனையேறி விடியுறதுக்கு முன்னால ஏறி, பாளையச் சீவி, உள்ள சுண்ணாம்பு தடவுன கலயத்தக் கட்டிட்டு வருவான். சுண்ணாம்பு இருந்தாத்தான் புளிக்காம பதனியா எறங்கும், இல்லன்னா கள்ளு. எறக்குன கலயத்துல இனிப்புக்கு வந்து விழுந்த ஈ, எறும்பு, தேனீ, பாளைத் தூசி எல்லாம் மெதக்கும். அத வடிகட்டணும்லா? கடைக்கு ஓடவா முடியும்? மரமே ஒரு வடிகட்டியக் கொடுத்திருக்கு. பன்னாடைய விரிச்சு ஊத்துனா பதனி கீழ போயிரும். பன்னாடையில என்ன தங்கும்? செத்த ஈயும் எறும்பும்.

வெளங்குதா? இனிப்பெல்லாம் அது வழியாத்தான் போகுது. ஒரு சொட்டுகூட அதுகிட்ட நிக்கல. ஆகாதத மட்டும் கெட்டியாப் புடிச்சு வச்சுக்கிடுது. இனி உன் கதைக்கு வா. ஒரு பெரிய மனுசன் மேடையில ஒரு மணி நேரம் பேசுதாரு. கேட்டுட்டு வீட்டுக்கு வந்து நீ என்ன சொன்ன? "அவரு சட்டையில பட்டன் மாறிப் போட்டிருந்தாரு தாத்தா." உங்க ஆச்சி ஒரு சொல்லு சொன்னாளே, அது வசவு இல்லலே, அளந்து சொன்ன வெவரம்.

இத எங்க ஊரு பனையேறி மட்டும் கண்டுக்கிடல. நன்னூல் எழுதுன பவணந்தி முனிவரும் கண்டிருக்காரு. 13-ம் நூற்றாண்டு, சமணத் துறவி. இலக்கணத்தத் தொடங்குறதுக்கு முன்னாலயே, பாயிரத்துல, படிக்க வாரவன்ல எத்தன வகைன்னு பிரிச்சு வச்சுட்டாரு. மேல்வரிசையில அன்னமும் பசுவும். நடுவுல மண்ணும் கிளியும். கடைசி பெஞ்சுல நாலு பேரு: ஓட்டக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. ஓட்டக் குடம் ஊத்த ஊத்த ஒழுகும். ஆடு எந்தச் செடியிலயும் வயிறு நெறய மேயாம இங்க ஒரு வாய், அங்க ஒரு வாய்னு கடிச்சுக்கிட்டே போகும். உன் கையில உள்ள போன்ல நீ பெருவெரலத் தள்ளிக்கிட்டே போறியே, அதேதான். எருமை குடிக்கிறதுக்கு முன்னால கொளத்தக் கலக்கும். நெய்யரிங்கது நெய் வடிகட்டி. நெய்ய விட்டுட்டுக் கசட வச்சுக்கிடும். காட்டுல பன்னாடை, அடுப்படியில நெய்யரி, அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணூறு வருசத்துக்கு முந்தி வாத்தியாருக்கு இருந்த தலவலி அப்படியே இருக்கு.

அதுக்கும் முந்தி வள்ளுவரு. 84-வது அதிகாரத்துக்குப் பேதைமைன்னு பேரு. மொதக் குறள்லயே பேதைமைன்னா என்னன்னு சொல்லிட்டாரு. கெடுதல வச்சுக்கிட்டு ஆதாயத்தக் கைநழுவ விடுறதாம். பாத்தியா? பன்னாடைன்னு பேரு சொல்லல, ஆள் அதே ஆள்தான். பத்துக் குறள் பத்தலன்னு அடுத்த அதிகாரத்தையும் புல்லறிவாண்மைன்னு சொல்லி அவனுக்கே ஒதுக்கிட்டாரு. பேதைமையில கடைசிக் குறள் இருக்கே, அத நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு அடங்காது. நாலு பெரியவங்க கூடியிருக்க எடத்துல பேதை நுழையுறது, கழுவாத காலப் படுக்கையில தூக்கி வைக்கிற கணக்காம். அழுக்குக் கால் விரிப்புல படுறதப் பாத்தவங்க மொகம் எப்படிச் சுருங்கும்? 'ஆக்வேர்டு'ன்னு நீங்க எத்தன வீடியோ போட்டாலும் இத மிஞ்ச முடியுமா?

சரி, நீ அனுப்புன வாட்சப்புக்கு வாரேன். மடையன்னா மகா வீரனாம்லா? பெருவெள்ளம் வந்து கொளம் ஒடையப் போகும்போது, பெண்டாட்டி புள்ளைககிட்ட சொல்லிட்டு, தண்ணிக்குள்ள முங்கி மடையத் தொறந்துவிட்டு உயிர விட்டவனாம். அவன் பேரத்தான் வெள்ளக்காரன் வசவா மாத்திட்டானாம். கடைசியில "தமிழனாய் இருந்தால் பகிரவும்"னு ஒரு வரி. பகிர்ந்துட்ட. நீ தமிழன்தான், ஒத்துக்கிடுதேன்.

மடை தொறக்கது சாமானிய வேலையில்லதான். அதுல நான் வாய வைக்க மாட்டேன். பழைய கொளத்துல கரைய விட்டுத் தள்ளி, தண்ணிக்குள்ள ரெண்டு கல்தூண் நிக்கும் பாரு, அதுதான் குமிழித் தூம்பு. அதுக்கு அடியில துளை போட்ட கல்லு, துளைய அடைக்கக் கல்லுல ஒரு மூடி. கொளம் நெறஞ்சு கெடக்கும்போது போயி அதத் தூக்கணும். அதுக்குன்னு ஊர்ல ஆளு உண்டு. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணின்னு அவன் கண்ணாலயே அளப்பான். அறுவடையில அவனுக்குன்னு நெல்லுப் பங்கு. அவனுக்கு ஊரு வச்ச பேரு என்ன? நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன். மரியாதை கொடுக்க வேண்டிய எடத்துல ஊரு கொடுத்துத்தான் இருக்கு.

இன்னொருத்தன் வேற ஒண்ண எடுத்துக்கிட்டு வாரான். மடையன்னா சமையக்காரனாம். இதுக்குச் சாட்சி உண்டு. மெட்ராஸ் யூனிவர்சிட்டி 1924-லருந்து 1936 வரைக்கும் அச்சடிச்ச பேரகராதியில அந்த அர்த்தம் இருக்கு. மடைன்னா சாமிக்குப் படைக்கிற சோறு. கோயில் மடைப்பள்ளி அதுலருந்து வந்ததுதான். ஆனா அந்த மடையன் வேற, உங்க வாத்தியாரு உன்னக் கூப்புட்ட மடையன் வேற. ஏலே, கொஞ்சம் புத்திய வச்சு யோசி. உங்க பூட்டி அகப்பையத் தூக்கிக்கிட்டு "மடப்பயலே"ன்னு தொரத்தும்போது வெள்ளத்துல உயிர்விட்ட வீரனையா நெனச்சிருப்பா? மடம்னா அறியாமை. மடம் உள்ளவன் மடையன். நேர் வழி கண்ணு முன்னாடி கெடக்கும்போது எதுக்குக் கொளத்துக்குள்ள முங்குத?

அதுலயும் ஒரு கூத்து இருக்கு, கேளு. அச்சம், மடம், நாணம், பயிர்ப்புன்னு பொம்பளைக்கு நாலு குணம் எழுதி வச்சாங்கல்லா? அந்த மடமும் இந்த மடம்தான். பொம்பளகிட்ட இருந்தா நகை, ஆம்பளகிட்ட இருந்தா வசவு. எழுதுனவன் யாருன்னு நான் சொல்லணுமா?

முட்டாளுக்கும் ஒரு கதை சுத்துது. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுற ஆள்தான் முட்டாளாம். ஆனி மாசம் நெல்லையப்பர் தேர வந்து பாருன்னு சொல்லணும் அவன்கிட்ட. ஆயிரம் பேரு வடம் புடிச்சு இழுக்கான். அந்த மலையத் தெருமுக்குல திருப்புறது யாரு? கீழ சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சு நிக்க கட்டைக்காரன்தான். கண்ணு சக்கரத்துல, காது வடத்துல. ஒரு நொடி பெசகுனா கை இல்ல. தேர நிறுத்தவும் அவன்தான், திருப்பவும் அவன்தான். அவனையா முட்டாள்ங்க? கதை கட்டுனவன் தேர் பக்கமே போனதில்லன்னு தெரியுது.

இந்தப் பேருகள எல்லாம் ஒரே மடத்துல சேத்து வச்சவரு ஒருத்தரு உண்டு. இத்தாலியில 1680-ல பொறந்து, இங்க வந்து தமிழ் படிச்சு வீரமாமுனிவரான பெஸ்கி சாமியார். 1732-லேயே சதுரகராதின்னு அகராதி போட்ட மனுசன், பரமார்த்த குரு கதையும் எழுதுனாரு. அத 1822-ல லண்டன்ல அச்சுப் போட்டாங்க. குருவுக்கு அஞ்சு சீடன். பேரு என்ன தெரியுமா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையத் தண்ணிக்குள்ள விட்டுப் பாத்தவங்க. கரையேறுனதும் ஆளுக்கு ஆளு தன்ன விட்டுட்டு எண்ணி, ஒருத்தனக் காணோம்னு ஒப்பாரி வச்சவங்க. பூசணிக்காயக் குதிர முட்டைன்னு காசு கொடுத்து வாங்குனவங்க.

அந்த நாலாவது பேரக் கவனி. மிலேச்சன். நம்ம பேச்சு வராத வேத்து நாட்டான அப்படித்தான் சொல்லுவாங்க. மட்டி, மூடன் எல்லாம் சரி. வேத்து நாட்டானுக்கு அந்த வரிசையில என்ன சோலி? எழுதுன சாமியாரே கடல் தாண்டி வந்த வேத்து நாட்டான். தெருவுல பயலுவ அவர அப்படிக் கூப்புட்டது காதுல விழாமலா இருந்திருக்கும்? அவரு கோவப்பட்டிருந்தா நமக்கு ஒண்ணும் கெடச்சிருக்காது. பேசாம அதையும் ஒரு சீடனாக்கி ஆத்தங்கரைக்கு அனுப்பிட்டாரு. இது என் ஊகந்தான், ஆனா அந்த மனுசனுக்கு அவ்வளவு குசும்பு உண்டு.

மரமண்டைய விட்டுட்டேன் பாரு. ஔவையார் மூதுரையில ஒரு ஆளக் காட்டுவா. காட்டுல கெள விட்டு நிக்கது மரமில்லையாம். சபை நடுவுல, கையில கொடுத்த ஓலைய வாசிக்கத் தெரியாம, அடுத்தவன் குறிப்பும் புரியாம நிக்கான் பாரு, அவன்தான் நல்ல மரமாம். உன் டவுன் சிநேகிதி யாரோ உன்ன 'க்ளட்ஸ்'ங்காளாமே, அது யூதர்கள் பேசுற இத்திஷ் மொழிச் சொல்லாம். கையில எத எடுத்தாலும் கீழ போடுறவன். மூலம் என்னன்னு பேத்திகிட்ட கேட்டேன், மரக்கட்டைன்னா. 'க்ளம்ஸி'ன்னு இங்கிலீசுல சொல்லுதிய, அது பழைய காலத்துல குளிர்ல வெறச்சு உணர்ச்சி போன ஆளக் குறிச்சதாம். குளிர்ல கை உணர்ச்சி போனா நம்ம என்னன்னு சொல்லுவோம்? கை மரத்துப் போச்சுன்னுதான? சுத்திச் சுத்தி எல்லாரும் ஒரே மரத்தடிக்குத்தான் வந்து நிக்கோம். ஔவைக்கும் அவங்களுக்கும் ஒரு தபாலும் போகல, வரல.

இடதுகையப் பத்தியும் அப்படித்தான். சபை நாகரிகம் தெரியாதவன பிரெஞ்சுக்காரன் 'கோஷ்'ங்கான். அந்தச் சொல்லுக்கு இடதுன்னு அர்த்தம். நம்ம மட்டும் லேசா? சோத்தாங்கை, பீச்சாங்கைன்னு ரெண்டு கைக்கும் ரெண்டு சாதி வச்சோம். நொட்டாங்கையால தேங்கா வாங்குனவன் முதுகுல ஒண்ணு வைக்காத பெருசு உண்டா? சின்னப்பம்பட்டி நடராஜன் அந்தக் கையால யார்க்கர் போட்டு 2020-ல இந்தியாவுக்குக் கிரிக்கெட் ஆடப் போன பெறகுதான் பெருசுக வாய மூடுச்சு. இப்ப "எம் பேரனும் இடக்கைதான்"னு தெருவுல சொல்லிக்கிட்டுத் திரியுதுக.

ஒண்ணு சொல்லுதேன். நொண்டி, செவிடு, கபோதின்னு உடம்புக் கொறையச் சொல்லித் திட்டுறது எங்க காலத்து அசிங்கம். மாற்றுத்திறனாளின்னு சொல்லச் சொன்னப்போ நாக்கு சுளுக்குதுன்னு சில பெருசுக மொனங்குச்சு. சுளுக்கட்டும். கோழிமுட்டையும் பன்னாடையும் பத்தாதா நமக்குத் திட்ட? புது மோஸ்தர்னா எல்லாத்தையும் கேலி பேசுற ஆளு நான் இல்ல.

அம்மாஞ்சி பாவம். அம்மான் சேய்தான் அம்மாஞ்சி. அக்கிரகாரத்துல மாமா மகனக் கூப்புடுற மொறை. எந்த மாமா மகன் எந்த வீட்டுல என்ன பேந்தப் பேந்த முழிச்சானோ, மொறைப்பேரே வெகுளிக்குப் பேராயிருச்சு. குடும்பத்துல ஒருத்தன் பண்ணுன வேலைக்கு வம்சமே வாங்கிக் கட்டிக்கிடுறது புதுசா என்ன?

ஆனா ஒண்ணு, தடுமாறுறதும் ஒரு வித்தைதான், தெரிஞ்சு செஞ்சா. மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துல பபூன் வேசக்காரர் விழுவாரு பாரு, விழுந்த எடத்துல மண்ணு மட்டுந்தான் ஒட்டும். பாட்டும் தெரியணும், ஆட்டமும் தெரியணும், முன்வரிசையில இருக்க போலீஸ்காரர் மொகமும் தெரியணும். 1965-ல வந்த திருவிளையாடல்ல நாகேஷ் தருமியா வந்து வெலவெலத்து நின்னாரே, சபைக்குள்ள காலு நுழையாமத் தவிச்சாரே, அந்தத் தடுமாத்தத்துல ஒரு அசைவு தப்பா இருந்துச்சா? தடுமாறத் தெரியாதவன் தடுமாறுனா பாக்கச் சகிக்காது. நீ கண்ணாடியப் பாத்துக்க.

இதுக்குத் தீர்வா நீ எங்க போற? பாளையங்கோட்டையில சாஃப்ட் ஸ்கில் கிளாசு. கை குலுக்குறது எப்படி, கண்ணப் பாத்துப் பேசுறது எப்படி, பாடி லாங்வேஜு எப்படி. ரெண்டு நாளைக்கு எவ்வளவுன்னு கேட்டேன், சொன்ன. ஒரு வருசத்துக்கு மாட்டுக்குப் பருத்திக்கொட்ட வாங்கலாம். சொல்லிக்கொடுத்தவரு யாரு? நேத்து நம்ம டீக்கடையில கிளாச ஒடச்சுட்டு, மேசை ஆடுதுன்னு சண்ட போட்டாரே, அவருதான? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஊருக்குச் சொல்லிக்கொடுத்துட்டுத் தான் நடக்காதவனப் போல பேதை கெடையாதுன்னு அதே பேதைமை அதிகாரத்துல வள்ளுவரு வச்சிருக்காரு. பீசு கட்டுறதுக்கு முன்னால ஒருக்கா வாசிச்சிருக்கலாம்.

நான் காசு வாங்காம ஒரு வழி சொல்லட்டா? கைக்கு வேல இல்லாதவனுக்குத்தான் கைய எங்க வைக்கன்னு தெரியாது. பையில விடவா, கட்டிக்கிடவான்னு முழிப்பான். அடுத்த முகூர்த்தத்துல நம்ம தெருவுல மறுவீடு. சொதிச் சாப்பாடு. வெள்ளன வந்து, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பந்தியில நில்லு. "யாரு என்ன நெனப்பாங்களோ"ன்னு நெனைக்க உனக்கு நேரமே இருக்காது, அடுத்த எலை காத்துக்கிட்டு இருக்கும்.

வெவரமாச் சொல்லுதேன், கேட்டுக்க. எலையோட நுனி சாப்புடுறவருக்கு இடது பக்கம் இருக்கணும். மாத்திப் போட்ட, அந்தப் பந்தி முடியுறவரைக்கும் உன் பேரு கெட்டுது. தொடக்கத்துலயே சொதி வாளியத் தூக்காத. உப்புல ஆரம்பி. உப்பு வைக்கிறவன யாரும் கவனிக்க மாட்டாங்க, உனக்கு வேண்டியது அதுதான. அதுல கை படிஞ்சா அப்பளம். அப்பறம் கூட்டு, பொரியல். எலைக்கு மேல கையக் காட்டுனா போதும்னு அர்த்தம். ஆனா நம்ம பக்கத்து ஆளுக வேணும்னாலும் கையக் காட்டுவாங்க, வெக்கத்துல. கையப் பாக்காத, கண்ணப் பாரு. ரெண்டு தடவ "இன்னும் கொஞ்சம்"னு கேளு, மூணாவது தடவ கேட்டாத் தொந்தரவு. பட்டுச்சேலை தெரிஞ்சா வாளிய எலைக்கு நேரா எறக்கிட்டு அப்பறமாக் கரண்டிய எடு. ரசத்தச் சோத்துல குழி பறிச்சதுக்கு அப்பறம் ஊத்து, இல்லன்னா மடியில ஓடும். மாப்ள வீட்டுப் பெருசு ஒண்ணு உப்பு இல்லன்னு சொல்லும். பதில் பேசாத, சிரிச்சுட்டு நகரு. எந்த ஊர்லயும் எந்தச் சாப்பாட்டுலயும் அது அப்படித்தான் சொல்லும்.

பாயாச வாளி மட்டும் உனக்கு இல்ல. அது எங்கிட்ட இருக்கும்.